கேபினுக்கு அடியில் ஒரு கைப்பிடி ரப்பர்

பிக்கப் ஓட்டும் பிள்ளைகளிடம் வண்டி எப்படியிருக்கிறது என்று கேட்டால் டயரைச் சொல்வார்கள், மைலேஜைச் சொல்வார்கள், ஏற்றத்தில் இழுக்கிறதா இல்லையா என்று சொல்வார்கள். பாடி புஷ்ஷைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே, கண்ணில் படாத இடத்தில், ஷோரூமை விட்டு இறங்கிய நாள் முதல் நசுங்கிக்கொண்டே இருக்கிற கைப்பிடியளவு ரப்பர் அது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் விடியற்காலை முழுக்க இந்த வண்டிகளை நம்பித்தான் இருக்கிறது. தோவாளைப் பூ, குளச்சல் மீன், அப்டா சந்தைக்கு வாழைக்குலை, குலசேகரத்து ரப்பர் ஷீட் எல்லாம் பிக்கப்பில்தான் போகின்றன. அதனால் இந்த வாரப் பத்தியை அந்த ரப்பருக்குக் கொடுக்கிறேன்.

காருக்கு அடிச்சட்டமும் உடம்பும் ஒன்றாகவே அடித்துப் பற்றவைத்த தகடு. பிக்கப் அப்படி அல்ல. கீழே ஏணியைப் படுக்க வைத்தது போல நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டம், குறுக்கே சில சட்டங்கள். அதுதான் சேஸ். இஞ்சினும் அச்சும் ஸ்பிரிங்கும் அதில் இருக்கும். கேபின் தனியாக ஓர் அறை, பின்னால் லோடு பாடி தனியாக ஒரு பெட்டி. இரண்டையும் சேஸின் மேல் கொண்டுவந்து வைத்துப் பூட்டுவார்கள். இந்த ஏற்பாடு நம் ரோட்டுக்குப் புதிதும் இல்லை. 1938 பிப்ரவரியில் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே திருவிதாங்கூர் அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது காமர் கம்பெனியின் சேஸ் மட்டும்தான். பாடி கட்டியது திருவனந்தபுரத்தில்.

கேபினைச் சேஸில் நேரடியாக முடுக்கிவிட்டால் என்ன ஆகும்? ஏணிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும் தன்மை உள்ளது. இடது முன்சக்கரம் குழியிலும் இடது பின்சக்கரம் மேட்டிலும் நிற்கும்போது சேஸ் லேசாகத் திருகும், திருகவும் வேண்டும். கேபின் தகடு அப்படித் திருகத் தெரியாதது. ஒவ்வொரு குழிக்கும் அதைச் சேர்த்துத் திருகினால் மூலைகளில் வெடிப்பு விழும், கண்ணாடி விளிம்பில் மழை வெள்ளம் இறங்கும், கதவு ஒட்டாது. இந்தத் திருகலைத் தான் வாங்கிக்கொண்டு கேபினைக் காப்பாற்றுவதுதான் புஷ்ஷின் முதல் வேலை. இஞ்சினிலிருந்தும் ரோட்டிலிருந்தும் ஏறிவரும் சிறு நடுக்கத்தையும் இரைச்சலையும் தடுப்பது இரண்டாவது. குழியில் விழும் குலுக்கலைத் தணிப்பது ஸ்பிரிங்கின் வேலை. "சீட்டு குலுக்குது, புஷ் போயிருக்கும்" என்று சொல்பவர்கள் முதலில் கமான் பட்டையையும் ஷாக் அப்சார்பரையும் பார்க்க வேண்டும்.

புஷ் போனதற்கு அடையாளம் வேறு. சித்தி மகனின் வண்டியில் அதைப் பார்த்தேன். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் மீன் ஏற்றுகிற வண்டி. டிரைவர் பக்கத்துக் கதவை ஒழுங்காக அடைக்கலாம், இடது கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் அடைக்க வேண்டும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது காலடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். அழகியமண்டபம் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி வண்டியைச் சுற்றி நடந்து, கேபினின் முதுகுக்கும் லோடு பாடிக்கும் இடையே உள்ள இடைவெளியில் கையை நீட்டி வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் கை தாராளமாகப் போனது, மறு பக்கம் இடித்தது.

"மக்கா, எடப்பக்கம் ரெண்டும் இருந்துபோச்சு பாத்துக்க. கேபின் சரிஞ்சுதான் கெடக்கு. கதவு மேல குத்தமில்ல."

"கதவு கீல மாத்தச் சொன்னாவ அண்ணே."

"கீல மாத்திட்டு என்ன செய்ய? சட்டமே சாஞ்சிருக்குல்லா."

வேலைக்கு முந்தின நாள் சாயங்காலமே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டார். காலையில் முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். கேபின் உயரும்போது இழுபடக்கூடிய எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். எர்த் பட்டை, பிரேக் பைப், ஸ்டியரிங் ராடின் ஜாயின்ட், கியர் லீவரைச் சுற்றிய ரப்பர் உறை, ரேடியேட்டர் ஹோஸ் என்று ஒன்றையும் விடவில்லை. அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கேபின் எழும், பிரேக் பைப் எழாது.

பிறகு வலப்பக்கத்துப் போல்ட்டுகளை முழுக்கக் கழற்றாமல் சில சுற்று மட்டும் இளக்கினார். கேபின் நகர்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள அவை அங்கேயே இருக்க வேண்டும். இடப்பக்கத்துப் போல்ட்டுகளை உருவிவிட்டு, கேபின் அடியில் உறுதியான இடம் பார்த்து ஜாக்கி வைத்தார். ஜாக்கித் தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு அயினிப் பலகைத் துண்டு. இரும்பு இரும்போடு முட்டினால் அடித்தகடு உள்வாங்கிவிடும். புஷ் வெளியே வரும் அளவுக்கு மட்டும் தூக்கினார். தூக்கியதும் சேஸுக்கும் கேபினுக்கும் இடையே மரக்கட்டை செருகிய பிறகுதான் கையை உள்ளே விட்டார். ஜாக்கியை நம்பிக் கை விட்டவர்களின் விரல் கதைகள் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு.

போல்ட்டுகளை உருவும்போதே பின்பக்கத்துப் போல்ட் ஒன்று சுற்றியதே தவிர இறங்கவில்லை. மேலே மூடிய பெட்டிக்குள் பற்றவைத்திருந்த நட்டு, துருவில் பிடிவிட்டுக் கூடவே சுற்றியது. காஸ் கட்டரை எடுக்கட்டுமா என்று பையன் கேட்டான். மேஸ்திரி வேண்டாம் என்றுவிட்டார். பக்கத்திலேயே ஒயரிங் ஓடுகிறது, டீசல் பைப்பும் இருக்கிறது, நெருப்பைக் காட்டினால் அருகிலுள்ள ரப்பரும் கருகும். கிரைண்டரால் தகட்டில் ஒரு சிறு ஜன்னல் வெட்டி, நட்டை ஸ்பேனரால் பிடித்துக் கழற்றினார். அந்த ஒரு நட்டுக்கே காலை முழுக்கப் போய்விட்டது.

கழற்றிய புஷ்ஷை என் கையில் தந்தார். மேலே ஒரு ரப்பர் வட்டு, கீழே ஒரு வட்டு, நடுவில் இரும்புக் குழல். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் அளவுக்கு மேல் நசுங்காமல் தடுப்பது அந்தக் குழல்தான். இதில் குழல் துருவில் பொருமி ரப்பரின் உட்சுவரைக் கிழித்திருந்தது. மேல்வட்டின் ஒரு விளிம்பு தட்டையாகி வெளியே பிதுங்கிக் கிடந்தது. நகத்தால் கீறினால் கருப்புத் தூள் உதிர்ந்தது. புதியதைப் பக்கத்தில் வைத்தபோது பழையது அரை விரல் அளவு குட்டையாக இருந்தது. கதவு ஒட்டாமல் போனது அந்த அரை விரலால்தான்.

இத்தனைக்கும் ரப்பர் அவ்வளவு சீக்கிரம் சாகிற பொருள் இல்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ரயில் மேம்பாலம் ஒன்றில் 1889இல் வைத்த இயற்கை ரப்பர் திண்டுகளை, ஏறக்குறைய நூறாண்டு கழித்து எடுத்துச் சோதித்தார்கள். மேல்தோல் மட்டும்தான் கெட்டிருந்தது, உள்ளே ரப்பர் நன்றாகவே இருந்தது. அப்படியிருக்க நம் வண்டியில் ஏன் சில வருஷத்திலேயே தூளாகிறது? இஞ்சின் ஆயில் இயற்கை ரப்பருக்கு ஆகாது, பட்டால் ஊதி மெத்தென்று போய்விடும். காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரின் மேல் வெடிப்பு உண்டாக்கும். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் சேஸ் இன்னும் அதிகம் திருகும், அந்தத் திருகல் முழுவதும் புஷ்ஷில் இறங்கும். இவற்றோடு நம் கடற்கரை வண்டிகளுக்கென்றே ஒரு கேடு சேர்கிறது. ஐஸ் உருகி மீனோடு கலந்த உப்பு வெள்ளம் சேஸில் வழிந்து, வாஷருக்கும் ரப்பருக்கும் நடுவே போய்த் தங்குகிறது. ரப்பரை உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. குழலையும் போல்ட்டையும் பிராக்கெட்டையும் தின்னும். சின்னமுட்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை மீன் ஏற்றுகிறவர்கள், லோடு இறக்கிய கையோடு அடிப்பாகத்துக்கு நல்ல வெள்ளம் பீய்ச்சிக் கழுவினால் புஷ் செட்டின் ஆயுள் கண்டிப்பாகக் கூடும். மேலே பளபளக்கக் கழுவுகிறார்களே தவிர, கீழே யாரும் குனிவதில்லை.

மேஸ்திரி பிராக்கெட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, பெயின்ட் அடித்து, காயவிட்டார். வெட்டிய ஜன்னலைத் தகடு வைத்து மூடினார். புதிய புஷ், புதிய குழல், புதிய போல்ட், போல்ட்டின் உடம்பில் கிரீஸ். இரண்டு பக்கமும் உட்கார வைத்த பிறகு கேபினை முழு எடையோடு இறக்கி, அதன்பின்தான் டார்க் ரெஞ்சில் அளவு வைத்து இறுக்கினார். "ஒரு வாரம் ஓட்டிட்டு வா மக்கா, இன்னொருக்கா முடுக்கிப் பாக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். இடது கதவு ஒரு விரலில் தள்ளினாலே அடைந்தது.

கையில் கிடந்த அந்தப் பழைய வட்டைப் பார்த்தபோது எனக்கு கீரிப்பாறை ரப்பர்த் தோட்டம் நினைவு வந்தது. இப்படி நாள் முழுக்க நசுங்கி நிமிர்ந்தாலும் சூடேறாமல், சோர்ந்து கிழியாமல் உழைப்பதில் இயற்கை ரப்பருக்கு ஈடு குறைவு. தமிழ்நாட்டு இயற்கை ரப்பரின் பெரும்பங்கு நம் மாவட்டத்து மரங்களில்தான் வடிகிறது. விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போய், பட்டையைச் சாய்வாகச் சீவி, சிரட்டையில் பிடிக்கிற பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் நீர். அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைபோட்டு ஷீட் ஆக்குகிறார்கள். அதில் கந்தகமும் கரித்தூளும் சேர்த்து அச்சில் 150 டிகிரி வாக்கில் வேகவைத்தால் புஷ். கந்தகத்தோடு சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டது 1839இல்.

பிரேசிலிலிருந்து எடுத்த ரப்பர் விதை 1876இல் லண்டன் கியூ தோட்டம் வழியாக இலங்கைக்குப் போனது, அங்கிருந்து கன்றாக இந்தியா வந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களும் அதே வழியே வந்தார்கள். அவர்களில் பல குடும்பங்களுக்கு வேலை கொடுத்தவை கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பகுதிகளிலுள்ள அரசுத் தோட்டங்கள். 1984 முதல் அரசு ரப்பர் கழகத்தின் கீழ் இருப்பவை. அவர்கள் வெட்டிய பாலும் அருமனை, கடையாலுமூட்டுச் சிறு தோட்டக்காரர்களின் பாலும் ஷீட்டாகி மலையிறங்கிப் போகின்றன, பெரும்பகுதி டயருக்கு. புஷ்ஷாகத் திரும்பி வரும்போது ஏதோ வெளியூர்ப் பெயர் அச்சிட்ட பெட்டியில் வருகிறது. ரப்பர் தொழிற்சாலை வேண்டும் என்ற நம் பக்கத்துக் கோரிக்கை எவ்வளவு பழையது என்பது எல்லாருக்கும் தெரியும். புஷ்ஷும் மவுண்டிங்கும் வார்க்கச் சிறு பிரஸ்ஸும் நல்ல அச்சும் போதும், பெரிய டயர் ஆலையளவு முதல் வேண்டாம். அந்த இடத்திலிருந்தாவது தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

கடையில் புஷ் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய டயரை அரைத்து மீட்ட ரப்பரில் வார்த்த மலிவுச் சரக்கும் கிடைக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அழுத்தினால் மீளுவது மெதுவாக இருக்கும், குழல் மெல்லிய தகடாக இருக்கும், சிலவற்றில் குழலே இருக்காது. டயர் துண்டை வட்டமாக வெட்டி அடைவைக்கிற பழக்கமும் நம்மிடம் உண்டு. டயருக்குள் நூலும் கம்பியும் ஓடுவதால் அது எல்லாப் பக்கமும் ஒரேபோல் நசுங்காது, போல்ட் இளகிக்கொண்டே வரும், கடைசியில் கேபின் தகடு கிழியும். பாலியூரித்தேன் புஷ் என்று ஒன்று வருகிறது. ஆயில் அதை ஒன்றும் செய்யாது, நெடுநாள் உழைக்கும். ஆனால் விறைப்பு அதிகம், நடுக்கத்தையும் சத்தத்தையும் உள்ளே விடும். ராத்திரி முழுக்க லோடு ஓட்டுகிறவனுக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன்.

அவனுடைய முதுகை நினைத்துத்தான் சொல்கிறேன். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, நொடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழுமாக வருகிற அதிர்வைத்தான் அதிகம் வாங்கும். அதைத் தணிக்க வேண்டியவை ஸ்பிரிங்கும் டயரும் சீட்டும். பிடிப்பிழந்த கேபின் அதன்மேல் தன் பங்குக்கு ஓர் ஆட்டத்தையும் இடியையும் சேர்க்கும். நாற்பது வயதில் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கிளட்ச் மிதிக்கிற டிரைவர்களை நம் ஊரில் தேடிப் போக வேண்டியதில்லை.

லோடு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று), அதன்பிறகு வருஷந்தோறும். அந்தச் சமயத்தில் பெயின்ட் அடிப்போம், ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவோம், லைட்டும் வைப்பரும் பார்ப்போம். வண்டி எப்படியும் ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கிறது. இஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் ஃபுட்போர்டில் ஏறி கேபினைப் பிடித்து ஆட்டட்டும், இன்னொருவர் வெளியே நின்று டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு புஷ்ஷாகப் பார்க்கட்டும். ரப்பர் அசையாமல் கேபின் மட்டும் எழும்பி உட்கார்ந்தால் காலம் வந்துவிட்டது. ஒன்று போயிருந்தாலும் செட்டாகவே மாற்றுங்கள், புதியதும் பழையதும் கலந்தால் கேபின் மறுபடி சரியும். வாங்கும்போது போல்ட்டும் வாஷரும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். துருப்பிடித்த பழைய போல்ட்டையே திரும்பப் போடச் சொல்லி மேஸ்திரியை நெருக்காதீர்கள்.