குடிநோயாளர் குடும்பங்களின் பிரகடனம்

குடிப்பவர் ஒருவர், நோய்ப்படுவது ஒரு வீடு. இந்த உண்மையின் மீது எங்கள் இயக்கம் எழுகிறது.

1937இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1971இல் தமிழகமெங்கும் தளர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையே அரசின் கைக்குப் போனது. கடையை மூடிய ஆட்சி குடிப்பவரின் மனைவியைக் கண்ணீராக மேடையேற்றியது. கடையைத் திறந்த ஆட்சி அவளை வருவாய்க் கணக்கில் மறைத்தது. அந்த ஒழுங்கின் காலம் முடிந்தது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சைப் பணி, குடும்பத்தையும் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொண்டது. எங்கள் பாதை அங்கிருந்து நீள்கிறது.

'ஒரு கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான்' என்று பெண் தேடும் வழக்கத்தை மறுக்கிறோம். எந்தப் பெண்ணின் வாழ்வும் இன்னொருவரின் மருந்தாகாது. குடிப்பவர் கோயிலில் கயிறு கட்டிச் செய்த சத்தியம் அறுந்தால் மனைவியின் நாக்கைப் பழிக்கும் தீர்ப்பை மறுக்கிறோம். அவர் வாங்கிய கைமாற்றுக்கு அவள் தாலிச் சங்கிலி ஈடாகாது. 'அவருக்குக் காய்ச்சல்' என்று திங்கட்கிழமைதோறும் மேஸ்திரியிடம் சொல்லிவந்த பொய்யை இன்றோடு நிறுத்துகிறோம்.

குடியை மறக்கடிக்கும் மருந்தை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கச் சொல்லும் யோசனையையும் மறுக்கிறோம். அத்தகைய மருந்தான டைசல்ஃபிரம் இருக்கும் உடலில் மது இறங்கினால் இரத்த அழுத்தம் சரியும், உயிரும் போகலாம். கலந்த கை யாருடையது என்றுதான் ஊர் கேட்கும். நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். ஆகவே அறையில் பூட்டுவதை எதிர்க்கிறோம். அரசு மருத்துவமனைகளில் படுக்கை கேட்கிறோம்.

நோயை வெறுக்கிறோம், நோயாளியை வெறுக்க மறுக்கிறோம். ஆயினும் நோய் என்ற சொல் அடிக்கும் உதைக்கும் மன்னிப்புச் சீட்டாவதை அனுமதியோம்.

வாசலில் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அப்பா எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கணித்து, பாடப்புத்தகத்தை மூடி, தம்பியைத் தூங்குவதுபோல் படுக்கவைக்கிறாள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. அவளைப் பொறுப்பான பிள்ளை என்று உறவினர் மெச்சுகிறார்கள். நாங்கள் மெச்ச மாட்டோம். அந்தக் கணிப்பு அவளுக்குத் தேவைப்படாத வீடே எங்கள் இலட்சியம். அவளது அச்சத்தைக் கேட்டறியும் ஆலோசகர் ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

தாய், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார் எவரும் இவ்வியக்கத்தில் சேரலாம். குடிப்பவரின் ஒப்புதல் தேவையில்லை. அவர் குடியை நிறுத்தும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.