பூச்சாண்டி காட்டலாமா?

இல்லாததை இருப்பதாகக் காட்டி எதிரில் நிற்பவரைத் தயங்க வைப்பதற்கு நம் தமிழில் பல பெயர்கள் உண்டு: உதார், பம்மாத்து, பூச்சாண்டி காட்டுதல். வாயால் சொன்னால்தானே பொய், பாவனையில் என்ன குற்றம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மார்க்கம் இதை முற்றாகத் தடுக்கவில்லை. வேண்டியபடி செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடவும் இல்லை.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு உம்ராவுக்காக நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் மக்கா வந்தபோது, யஸ்ரிபின் காய்ச்சல் இவர்களை நலிவித்துவிட்டது என்று குறைஷியர் பேசிக்கொண்டனர். தவாஃபின் முதல் மூன்று சுற்றுகளில் மிடுக்குடன் விரைந்து நடக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். குறைஷியரின் பார்வை படாத இரு மூலைகளுக்கு இடையில் மட்டும் இயல்பாக நடக்கச் சொன்னார்கள். ஹாஜிகள் இன்றும் செய்யும் ‘ரமல்’ அதன் தொடர்ச்சியே. மறு ஆண்டு மக்காவை நெருங்கிய இரவில் படையினர் ஆயிரக்கணக்கில் தீ மூட்டினர்; அதைக் கண்ட அபூசுஃப்யான் மலைத்துப்போனார். பெரும்போர் இன்றியே மக்கா வசமானது. இங்கே பாவனை எவர் பொருளையும் பறிக்கவில்லை, உயிர்களைக் காத்தது.

நாம் செய்வது என்ன? சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி, திண்டிவனம், ஒலக்கூர்ப் பக்கம் மனை பார்க்க வருபவரிடம், “வேறொரு பார்ட்டி முன்பணத்தோடு நிற்கிறார்” என்கிறோம். அப்படி ஒருவர் இருக்கவே மாட்டார். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதை நபியவர்கள் தடுத்தார்கள். இதுவும் அதே இனம்தான். பெண் பார்க்கும் இடத்தில், வளைகுடாவில் சாதாரண வேலையிலிருக்கும் பிள்ளையை மேலாளர் என்கிறோம். தனக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டுபவர் பொய்யாடை இரண்டு அணிந்தவரைப் போன்றவர் என்பது நபிமொழி. அந்த ஆடை நிக்காஹ்வுக்குப் பின் கிழியும்போது அழுவது ஒரு பெண்.

அதனினும் மோசமானது, வீட்டில் நாம் காட்டும் பூச்சாண்டி. எதையோ தருவதாகத் தன் மகனை அழைத்த ஒரு தாயிடம், என்ன தர எண்ணினாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் தராதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். நாமோ, சாப்பிடாவிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று குழந்தையை மிரட்டுகிறோம். காக்கிச் சட்டை என்றாலே நடுங்கப் பழகிய அந்தப் பிள்ளை வளர்ந்தபின், ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று காணொளி அழைப்பில் மிரட்டுபவனுக்குப் பணத்தை அனுப்பினால் வியப்பென்ன? நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. அத்தகைய அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

அளவுகோல் எளிது. நம் பாவனையால் ஒரு தீங்கு விலகுகிறதா, அல்லது ஒருவருடைய உரிமை பறிபோகிறதா? இரண்டாவதுதான் என்றால், அதற்கு எந்தச் செல்லப் பெயர் வைத்தாலும் அது ஏமாற்றே. குழந்தையிடம் சொன்ன சொல்லைக் காப்பதிலிருந்து தொடங்குவோம். உண்மையாளர்களுடன் இருக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!