பரணிலிருந்து இறங்கிய பெட்டி



சென்ற மாதம் இப்பகுதியில் பழைய கடிதங்களைப் பாதுகாப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நானே என் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யத் தொடங்கினேன். கடிதங்கள் கிடைத்தனவோ இல்லையோ, நான் முற்றிலும் மறந்துபோயிருந்த ஓர் அட்டைப் பெட்டி கைக்கு அகப்பட்டது. உள்ளே ஒரு டி.வி. கேம். அதனுடன் இரண்டு ஜாய்ஸ்டிக், ஓர் அடாப்டர், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட்.

1992ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த என் வாப்பா கொண்டு வந்தது அது. சேலையும் சென்ட்டும் உம்மாவுக்கு, கைக்கடிகாரம் எனக்கு, இந்தப் பெட்டி காக்காவுக்கு. வாப்பா ஊரில் தங்கிய நாற்பது நாட்களும் இஷாவுக்குப் பிறகு தந்தையும் மகனும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து விளையாடுவார்கள். நான் வாசற்படியருகே நின்று பார்த்துக் கொண்டிருப்பேன். “பொம்பளப் புள்ளைக்கு அது எதுக்கு? உள்ளே வா” என்று உம்மா அழைத்துக் கொள்வார்கள். வாப்பா பயணம் போன மறுநாள் காக்கா அந்தப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

காயலான் கடைக்காரருக்குப் போட வைத்திருந்த சாமான்களோடு அதையும் சேர்த்துவிட்டேன். பள்ளியிலிருந்து வந்த என் மகள்தான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “உம்மா, இதை ஜப்பானில் பொக்கிஷம்போல் வைத்திருக்கிறார்கள், தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரிந்து கொண்டதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வாப்பா கொண்டு வந்தது அசலல்ல, நகல். அதன் மூலக் கருவி ஜப்பானின் கியோத்தோ நகரத்து நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15ஆம் நாள் வெளியிட்ட ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’. ஜப்பானியர் அதைச் சுருக்கி ‘ஃபாமிகாம்’ என்பர். விலை 14,800 யென். 1889இல் ஃபுசாஜிரோ யாமௌச்சி என்பவர் ‘ஹனஃபுடா’ எனப்படும் பூப்படச் சீட்டுகளைக் கையால் செய்து விற்கத் தொடங்கிய கடையே அந்நிறுவனத்தின் தொடக்கம். ஆக, வீட்டார் கூடி அமர்ந்து விளையாடும் பொருளைச் செய்வது அவர்களுக்கு நூறாண்டுத் தொழில்.

கருவியை வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா என்னும் பொறியாளர். சிவப்பும் வெள்ளையுமான அப்பெட்டியிலிருந்து இரண்டு கைப்பிடிகள் கழற்ற முடியாதபடி கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. விளையாடி முடித்ததும் அவற்றைப் பெட்டியின் இரு பக்கங்களிலும் செருகி வைக்கலாம். இதில் நான் கவனித்த செய்தி ஒன்றுண்டு. பெட்டியை வாங்கும்போதே இருவருக்கான கைப்பிடிகள் கூடவே வந்துவிடுகின்றன. பக்கத்தில் இன்னொருவர் அமர்வார் என்று எண்ணியே அதைச் செய்திருக்கிறார்கள்.

ஜப்பானில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடியே தொண்ணூற்று மூன்று இலட்சம் கருவிகள் விற்பனையாயின. பிற நாடுகளையும் சேர்த்தால் ஆறு கோடிக்கும் மேல். தயாரிப்பு 2003 வரை நீடித்தது. 2007 அக்டோபரோடு பழுதுபார்க்கும் சேவையையும் நிறுவனம் நிறுத்திக் கொண்டது. அன்று முதல் அக்கருவிகளின் உயிர் சேகரிப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

1983இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். அவர்களில் பலர் தாம் சிறுவயதில் விளையாடியவற்றைத் தேடி வாங்குகிறார்கள். தோக்கியோவின் அகிஹபாரா, ஒசாகாவின் நிப்பொன்பாஷி ஆகிய கடைத்தெருக்களில் பழைய கேசட்டுகள் அடுக்கடுக்காக விற்பனைக்கு இருக்கின்றன. ஒருகாலத்தில் அற்ப விலைக்குக் கிடைத்தவை, வெளிநாட்டுப் பயணிகளும் வாங்கத் தொடங்கியதால் விலையேறிவிட்டன.

சேகரிப்பு என்றதும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அதன் உள்ளே இருப்பது வேறு. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

1986 மே மாதம் ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. யூஜி ஹோரி என்பவர் உருவாக்கியது. ஒரே நாளில் முடிக்கக் கூடியதன்று, வாரக்கணக்கில் தொடர வேண்டியது. ஆனால் விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் அக்கேசட்டுக்கு இல்லை. ஆகவே நிறுத்தும்போது இருபது எழுத்துகள் கொண்ட ஒரு சொல்வரிசை திரையில் தோன்றும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்து, மறுநாள் அப்படியே உள்ளிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மறுவாழ்வு மந்திரம் என்பது அதன் பெயர். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் அது ஐம்பத்திரண்டு எழுத்துகள் வரை நீண்டது. ஓர் எழுத்தைத் தவறாக எழுதினாலும் பல நாள் உழைப்பு வீண். ஒன்றோடொன்று ஒத்த எழுத்துகள் ஜப்பானிய மொழியில் உண்டு. அன்றைய தொலைக்காட்சித் திரையோ மங்கலானது. அந்தத் தலைமுறை ஜப்பானியச் சிறுவர்களில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கண்ணீர் விடாதவர் குறைவு.

1988இல் வந்த மூன்றாம் பாகத்தில் இதற்குத் தீர்வு கண்டார்கள். கேசட்டுக்குள் நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரியைப் பொருத்தினார்கள். கருவியை அணைத்த பிறகும் அதன் மூன்று வோல்ட் மின்சாரம் நினைவகத்துக்குச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கும். குழந்தை தன் பெயரைக் கொடுத்துத் தொடங்கிய ஆட்டம் உள்ளே அப்படியே இருக்கும்.

அந்த விளையாட்டு வெளியான நாள் பிப்ரவரி 10, புதன்கிழமை. பள்ளிக்குச் செல்லாமல் கடை வாசலில் வரிசையில் நின்ற மாணவர்களைக் காவலர்கள் பிடித்துக் கண்டித்தது நாடெங்கும் செய்தியாயிற்று. 1990இல் அடுத்த பாகம் வெளியானது ஒரு ஞாயிற்றுக்கிழமையில்!

பேட்டரிக்கும் ஆயுள் உண்டல்லவா? பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள், சிலவற்றில் முப்பதுக்கும் மேல். அது தீர்ந்த அன்று உள்ளே இருப்பது அழிந்துவிடும். பேட்டரியைப் பற்றவைத்து மாற்றலாம். ஆனால் முறையறியாமல் பழையதைக் கழற்றிய நொடியே பதிவும் போய்விடும். இன்று பழைய கேசட் ஒன்றை வாங்கிச் செருகினால், முகமறியாத ஒரு குழந்தை முப்பதாண்டுகளுக்கு முன் நிறுத்திய ஆட்டம், அக்குழந்தையின் பெயரோடு திரையில் தோன்றுவதுண்டு. அதை அழித்துத் தன் ஆட்டத்தைத் தொடங்குவதா, விட்டுவைப்பதா என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அண்ணனை இழந்த ஒரு தம்பியிடமோ, தந்தையை இழந்த ஒரு மகளிடமோ அப்படியொரு கேசட் இருந்தால் அதன் மதிப்பை எந்தக் கடைக்காரர் சொல்ல முடியும்?

கேசட்டின் முதுகில் குழந்தைகள் மசிப் பேனாவால் தம் பெயரை எழுதி வைப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. நண்பர்களிடையே கைமாறும் பொருளாயிற்றே! பெயர் எழுதியது விலை குறைந்தது என்று கடைகள் ஒதுக்கும். ஆனால் அப்படிப் பெயர் எழுதப்பட்ட கேசட்டுகளை மட்டுமே தேடிச் சேர்த்து, உரியவர் வந்தால் திருப்பிக் கொடுப்பதையே நோக்கமாகக் கொண்ட ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். இதைப் படித்தபோது பரணிலிருந்த எங்கள் கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். காக்காவின் பெயர் இல்லை. வாப்பாவின் சிங்கப்பூர் முகவரி நீல மையில் எழுதியிருந்தது. பத்து வயதுக் காக்காவின் கையெழுத்து.

இனி, தாய்மார்களாகிய நம் மனத்தில் எழும் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் இதில் மூழ்கிப் படிப்பைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்களா? இக்கவலை ஜப்பானியத் தாய்மாருக்கும் தொடக்கம் முதலே இருந்தது. தகாஹாஷி மெய்ஜின் என்பவர் ஹட்சன் என்னும் விளையாட்டு நிறுவனத்தின் ஊழியராக இருந்தவர். நொடிக்குப் பதினாறு முறை பொத்தானை அழுத்தும் வேகத்தால் சிறுவர்களுக்கு நாயகராக விளங்கியவர். அவரே 1985இல் பிள்ளைகள் கூடிய மேடையில், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டுமே விளையாட வேண்டும் என்று அறிவுரை சொன்னார். விற்பவரே அளவு சொன்னது வியப்பல்லவா? முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரலில், ககாவா மாநிலம் இதையே ஓர் ஆணையாக்கியது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பள்ளி நாட்களில் அறுபது நிமிடம், விடுமுறை நாட்களில் தொண்ணூறு நிமிடம். மீறினால் தண்டனை இல்லை, பெற்றோரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் கட்டுப்பாடற்ற விளையாட்டுப் பழக்கத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. எனவே நம் அச்சம் வீணன்று.

ஆயினும் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹமாகோ மோரி என்னும் ஜப்பானியப் பெருமாட்டி 1930இல் பிறந்தவர். 1981இல், தம் ஐம்பத்தோராம் வயதில், ‘கேசட் விஷன்’ என்னும் கருவியில் விளையாடத் தொடங்கினார். பிள்ளைகள் மட்டும் மகிழ்வது நியாயமில்லை, நாமும் ஆடிப் பார்ப்போம் என்பதே அவருடைய எண்ணம். அன்று முதல் ஒவ்வொரு தலைமுறைக் கருவியாக வாங்கிச் சேர்த்து விளையாடினார். தாம் விளையாடுவதைப் படம்பிடித்து வெளியிடுபவர்களில் உலகிலேயே மூத்தவர் என்று 2020இல், அவருடைய தொண்ணூறாம் வயதில், கின்னஸ் அமைப்பு அவரை அங்கீகரித்தது. அவரைப் பற்றிப் படித்தபோது வாசற்படியில் நின்ற சிறுமி என் நினைவுக்கு வந்தாள்.

சேகரிப்பிலும் வரம்பு கடப்போர் இல்லாமல் இல்லை. விளையாடாமலேயே உறை பிரிக்காத பெட்டிகளைப் பெரும் விலைக்கு வாங்கிப் பூட்டி வைப்போர் உண்டு. மற்றொரு புறம், 2011இல் தோக்கியோவில் அமைந்த விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கம் போன்றவை பழைய விளையாட்டுகள் அழிந்துவிடாமல் காக்கப் பாடுபடுகின்றன. நின்டெண்டோவும் கியோத்தோவை அடுத்த உஜியில், 1969இல் கட்டிய தன் பழைய தொழிற்சாலையை அருங்காட்சியகமாக்கி 2024 அக்டோபரில் திறந்தது. உயெமுரா அதைக் காணவில்லை. பிற்காலத்தில் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஆய்வுக்குத் துணைநின்ற அவர் 2021 டிசம்பரில் காலமானார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி கிடைத்தால் சில சொற்கள்: ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் நாட்டில் 230. அசல் ஜப்பானிய அடாப்டரை நேரே நம் பிளக்கில் செருகினால் கருகிவிடும். கேசட் வேலை செய்யவில்லையென்றால் வாயால் ஊதாதீர்கள். நாமெல்லாம் ஊதியவர்கள்தாம்! மூச்சின் ஈரம் உள்ளிருக்கும் செப்புத் தகடுகளை அரித்துவிடும். பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காய விடுங்கள். நீண்ட நாள் கிடந்த அடாப்டரைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே பயன்படுத்துங்கள்.

எங்கள் அடாப்டர் செத்துப் போயிருந்தது. செய்தி கேட்டு வந்த காக்கா வேறொன்று வாங்கி வந்தார். மூன்று முறை துடைத்துச் செருகிய பின் திரையில் படம் வந்தது. ‘பேட்டில் சிட்டி’. நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட பீரங்கி விளையாட்டு. இருவர் சேர்ந்து, செங்கல் சுவருக்குள் இருக்கும் ஒரு கழுகுச் சின்னத்தைப் பகைவரிடமிருந்து காக்க வேண்டும்.

எண்பதைக் கடந்த வாப்பா உம்மாவின் மறைவுக்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை. அந்த இசையைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கொண்டார்கள். என் மகள் ஒரு ஜாய்ஸ்டிக்கை அவர்கள் கையில் கொடுத்து, “அப்பா, நீங்களும் வாங்க” என்றாள். எங்கள் பக்கம் பாட்டனாரை அப்படித்தானே அழைப்போம்!

“நீ கழுகைப் பார்த்துக்க. நான் முன்னாலே போறேன்” என்றார்கள் வாப்பா.

காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அன்றைக்கும் இதையேதான் சொன்னாங்க” என்றார். “நாற்பத்தோராம் நாள் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அதைத் தனியாக ஆட மனசு வரலே.”

இத்தனை ஆண்டுகளில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு ஆட்டம் முடிந்ததும் வாப்பாவின் விரல்கள் சோர்ந்துவிட்டன. ஜாய்ஸ்டிக்கை என்னிடம் நீட்டி, “நீ ஒரு நாளும் ஆடலியேம்மா, உட்காரு” என்றார்கள். உட்கார்ந்தேன். முதல் நிமிடத்திலேயே தவறுதலாக என் கழுகை நானே சுட்டுவிட்டேன். வாப்பா சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி வகுத்திருக்கிறோம். வெள்ளி, சனி இரவுகளில் ஒரு மணி நேரம். தனியாக ஆடக்கூடாது, இருவராகத்தான் ஆட வேண்டும். காயலான் கடைக்காரர் வந்து மற்ற சாமான்களை எடைபோட்டு எடுத்துச் சென்றார். பெட்டி இப்போது வாப்பாவின் அறையில் இருக்கிறது.

அடுத்த மாதம் சந்திப்போம்.