கோச்சி பார்க்கப் போவோமா?



அப்புத்தளைக்குக் கோச்சி வந்தது 1893இல். பதுளை வரை போனது 1924இல். அந்தப் பாதையின் அழகைக் காண எங்கெங்கிருந்தோ மனிதர்கள் வருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

காலையில் தியத்தலாவை, பண்டாரவளை தாண்டி எல்ல வரை கோச்சியில் போங்கள். இறங்கி மெதுவாக நடந்தால் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்தது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பு கிடையாது. அடுத்த ஸ்டேஷன் தெமோதரை. அங்கிருந்து கோச்சி மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பிள்ளைகள் கைகொட்டுவார்கள்.

இரண்டு விஷயம் கவனம். தண்டவாளத்தில் நடக்க வேண்டாம். வளைவில் வரும் கோச்சி கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவதுண்டு. ஸ்டேஷனில் விசாரித்துப் புறப்படுங்கள்.

இனி என் குறையையும் சொல்லி விடுகிறேன். மாணவர்களைப் பல தடவை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். விடியுமுன் எழுந்து சோற்றுப் பார்சல் கட்டித் தந்தவர் என் மனைவி. ஒருநாள் மகள் கேட்டாள்: "வாப்பா, உம்மா அந்தப் பாலத்தைப் பார்த்திருக்காவா?"

எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. அடுத்த விடுமுறையில் சோற்றைக் கடையில் வாங்கினேன். டிக்கட்டை உம்மாவுக்கும் சேர்த்து எடுத்தேன்.

சகோதரிகளே, இதை வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.