மிச்சமிருக்கும் வொரண்ட் யாருடையது?



டிசம்பர் பிறந்தால் போதும், நம்முடைய ஸ்டாஃப் ரூம்களில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும்.

"சேர், உங்கட வொரண்ட் ஏதும் மிச்சம் இரிக்கா?"

கேட்பவர் கெட்டவர் அல்ல. தங்கச்சியின் மகனுக்கு கொழும்பில் நேர்முகப் பரீட்சை இருக்கும். அயல்வீட்டுக்காரர் கிளினிக் போக வேண்டியிருக்கும். நம்மிடம் இருப்பதோ 31ஆம் திகதியோடு செத்துப் போகிற ஒரு துண்டு. "வீணாத்தானே போகப் போகுது, யாருக்காவது உதவட்டுமே" என்று மனமும் சொல்லும். நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அதனால் இந்தப் பதிவு யாரையும் விரல் நீட்டுவதற்காக அல்ல. விரல் முதலில் எங்கள் பக்கம்தான் திரும்பி இருக்கிறது.

ஆசிரியர் அல்லாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாம் வொரண்ட் என்று சொல்வது அரச உத்தியோகத்தர்களுக்கு வழங்கப்படும் விடுமுறைப் புகையிரத ஆணைச்சீட்டைத்தான். வருடத்துக்கு மூன்று. உத்தியோகத்தரின் பெயர், பதவி, அவரோடு போகும் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், எந்த ஸ்டேசனிலிருந்து எந்த ஸ்டேசனுக்கு, எந்த வகுப்பு எல்லாம் எழுதி, பொறுப்பான அதிகாரி ஒப்பமிட்டுத் தருவார். அதை ஸ்டேசன் கவுண்டரில் நீட்டினால் காசு கொடுக்காமல் டிக்கட் கிடைக்கும்.

காசு கொடுக்காமல் என்றால் இலவசம் என்று அர்த்தமல்ல. கோச்சி ஓட எண்ணெய் வேண்டும், சாரதிக்குச் சம்பளம் வேண்டும். நம்முடைய கையால் கொடுக்கவில்லை, பொதுப் பணத்திலிருந்து போகிறது, அவ்வளவுதான். அந்தப் பொதுப் பணத்தில், காலையில் பாண் வாங்கும் கூலித் தொழிலாளியின் வரியும் இருக்கிறது.

கிழக்கில் இருக்கும் நமக்கு இந்தத் துண்டின் அருமை நன்றாகத் தெரியும். மட்டக்களப்புக்குப் பாதை போட்டு கோச்சி வந்தது 1928இல். அன்றிலிருந்து கொழும்புக்கும் நமக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய 350 கிலோமீட்டரைச் சாதாரண மனிதனுக்குக் கைக்கெட்டும் தூரமாக வைத்திருப்பது அந்தப் பாதைதான். உதய தேவியில் சாப்பாட்டுப் பார்சலோடு ஏறி, வெலிகந்தை, பொலன்னறுவை, கல்ஓயா, மாஹோ என்று எண்ணிக்கொண்டு போன பயணம் நம்மில் பலருக்குச் சிறு வயது ஞாபகம். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, பஸ் கட்டணம் தலைக்கு மேல் போனபோது, தூர இடங்களில் கற்பித்த எத்தனையோ ஆசிரியர்கள் பிள்ளைகளின் முகம் பார்க்க வீடு வந்தது இந்த வொரண்டில்தான். நம்முடைய பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை வரும்போது பெருநாளைக்கு ஊர் சேர்வதும் இதில்தான்.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் ராத்தாவுக்கு ஒரு கட்டி. மகரகமவுக்குப் போகச் சொல்லித் துண்டு கொடுத்தார்கள். மச்சான் கடலுக்குப் போய் வருகிறவர், அந்த மாதம் கடலும் சரியில்லை. நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். கையில் ஒரு வொரண்ட் இருந்தது. எங்கள் இருவரின் பெயரையும் எழுதி, நாங்களே போய் டிக்கட் எடுத்து, அவர்கள் இருவரையும் கோச்சியில் ஏற்றிவிட்டோம். ஏற்றும்போது சொன்னோம்: "யாரும் கேட்டா எங்கட பேரச் சொல்லுங்க. அடையாள அட்டைய ஊட்டுல வெச்சிட்டு வந்திட்டம் எண்டு சொல்லுங்க."

பாருங்கள், உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் இரண்டு பொய்களையும் கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

பாதி வழியில் பரிசோதகர் வந்தார். டிக்கட்டைப் பார்த்துவிட்டு அடையாள அட்டை கேட்டார். மச்சான் நாங்கள் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். அவர் ராத்தாவின் பக்கம் திரும்பிப் பெயர் என்ன என்று கேட்டார். ராத்தா தன்னுடைய சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டா.

டிக்கட் காசும் தண்டமும் கட்டினார்கள். மருந்துக்கென்று முடிந்து வைத்திருந்த காசு. பரிசோதகர் பொல்லாத மனிதர் அல்ல. நோயாளி என்று தெரிந்ததும் மேலும் இழுக்காமல் போய்விட்டார். ஆனால் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். நம்முடைய உடுப்பையும் பார்த்தார்கள், அதையும் மறந்துவிடக் கூடாது.

ஊருக்கு வந்த பிறகு மச்சான் கொஞ்சம் கோபப்பட்டார், பெயரை மாற்றிச் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாமே என்று. அதற்கு ராத்தா சொன்னது: "நான் அல்லாஹ்ட சுகம் கேட்டுப் போறன். போற வழியில பொய் சொல்லிட்டு, அங்க போய் எந்த வாயால துஆ கேக்கிற?"

அவ ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவ. நாங்கள் இருவரும் பட்டதாரிகள்.

அன்றிரவு எங்களைத் தூங்க விடாத கணக்கு ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்பில் இரண்டு டிக்கட்டின் விலை என்ன? எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குச் செலவாகும் காசு கூட வராது. அதை எங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் அது ஸதகா. உறவைச் சேர்ந்து நடந்த நன்மையும் சேர்த்து. நாங்கள் கொடுத்ததோ எங்களுக்குச் சொந்தமில்லாத பொருள். அடுத்தவர் மரத்துக் காயைப் பறித்து நேர்ச்சை கொடுத்தது போல.

இதற்கு ஸ்டாஃப் ரூமில் சொல்லப்படும் நியாயங்கள் நமக்குப் புதிதல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எப்படியும் வீணாகத்தானே போகுது." வீணாகப் போவது எது? நாம் பயணம் செய்யவில்லை என்றால் அரசாங்கத்துக்கு ஒரு செலவு மிச்சம். நமக்கு நட்டம் எதுவுமில்லை. வருடத்துக்கு இத்தனை நாள் சுகவீன லீவு என்பதற்காக, எடுக்காத லீவை அயல்வீட்டுக்காரருக்குக் கொடுக்க முடியுமா? வொரண்டும் அப்படித்தான். அது நமக்குத் தரப்பட்ட பொருள் அல்ல, நாம் பயணம் செய்தால் மட்டும் உயிர் பெறுகிற ஓர் அனுமதி. இதற்கு நம் மொழியில் அழகான சொல் இருக்கிறது: அமானிதம்.

"அரசாங்கம் எங்களிடம் எவ்வளவு எடுக்குது, நாங்க இதை எடுத்தால் என்ன?" சம்பளத்தில் அநியாயம் நடந்ததை நாங்கள் மறுக்கவில்லை. 24 வருடச் சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகி நின்ற ஆசிரியர்களில் நாங்களும் இருந்தோம். கொரோனாவுக்குள்ளும் ஆசிரியர்கள் வீதியில் இறங்கினார்கள். ஏச்சும் கேட்டோம். ஆனால் அதை முகத்தைக் காட்டிச் செய்தோம், பெயரைச் சொல்லிச் செய்தோம். உரிமையைக் கேட்பதற்கும் பெயரை மாற்றி எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பின் கதவால் நாம் எடுக்கும் ஒவ்வொரு டிக்கட்டும், முன் கதவில் நின்று கேட்கும் நம்முடைய குரலைத்தான் பலவீனமாக்கும்.

"யார் பார்க்கப் போகிறார்கள்?" இதைத்தான் பரீட்சை மண்டபத்தில் நம்முடைய மாணவனும் நினைக்கிறான். சாதாரண தரப் பரீட்சைக்கு மேற்பார்வைக்கு நிற்கும் நாம், சட்டைக் கைக்குள் ஒளித்து வைத்த துண்டைக் கண்டால் எப்படிச் சீறுகிறோம்! நம்முடைய துண்டு கொஞ்சம் பெரியது, அதில் அரச இலச்சினை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"சின்ன விசயம் சேர், விடுங்க." உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் சொந்த விசயம் பேசும்போது அரச விளக்கை அணைத்துவிட்டு, தன் வீட்டு விளக்கை ஏற்றிய சம்பவத்தை நாம் எத்தனை குத்பாவில் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு இஸ்லாம் பாடத்திலும் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த விளக்கில் எரிந்த எண்ணெய் எத்தனை சதம் பெறும்? ஒரு கோச்சி டிக்கட்டை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அதுவும் அநியாயம்.

மட்டக்களப்போடு தண்டவாளம் முடிகிறது. அதற்குத் தெற்கே காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எத்தனை ஊர்கள், எத்தனை பாடசாலைகள், எத்தனை ஆசிரியர்கள்! கல்முனை ஆசிரியர் ஒருவர் வொரண்டைப் பயன்படுத்த வேண்டுமானால், முதலில் நாற்பது கிலோமீட்டரளவு பஸ்ஸில் வந்து ஸ்டேசன் சேர வேண்டும். சின்னப் பிள்ளைகளோடும் பைகளோடும் அதற்கு யார் வருவார்? கொழும்புக்கு நேரே போகும் பஸ்ஸில் காசு கொடுத்து ஏறிவிடுகிறார். அவருடைய மூன்று வொரண்டும் வருடா வருடம் மிச்சம். தண்டவாளம் உள்ள ஊரில் வேலை செய்பவருக்குக் கிடைக்கும் சலுகை, இல்லாத ஊரில் வேலை செய்பவருக்குக் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. பெருநாள் காலத்தில் எல்லோரும் ஒரே கிழமையில் இருக்கை தேடும்போது, கையில் வொரண்ட் இருந்தும் கால் வைக்க இடமில்லாத நிலை வேறு.

பயன்படுத்த முடியாத உரிமைதான் கடைசியில் கை மாறுகிறது. இது தவறை நியாயமாக்காது, ஆனால் தவறு எந்தப் பள்ளத்தில் முளைக்கிறது என்பதைக் காட்டும். ஆகவே சங்கங்கள் இதைப் பேச வேண்டும். ரயில் இல்லாத பிரதேசத்து ஆசிரியருக்கு அதே பெறுமதியில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் பயணம் செய்ய வழி கேட்போம். விடுமுறைக் காலங்களில் வொரண்ட் வைத்திருப்போருக்கென இருக்கைகள் ஒதுக்கக் கேட்போம். வெளிப்படையாக, எழுத்தில், பெயர் போட்டுக் கேட்போம். அப்படிக் கேட்க வேண்டுமானால் நம்முடைய கை சுத்தமாக இருக்க வேண்டும்.

நம்மால் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. வெற்று வொரண்டில் ஒப்பமிட்டு வைக்கும் பழக்கம் எங்காவது இருந்தால், அதிபர்மார் அதை நிறுத்தட்டும். எடுத்த பயணம் தடைப்பட்டால், வொரண்டை அலுமாரிக்குள் வைக்காமல் கொடுத்த இடத்திலேயே திருப்பி ஒப்படைப்போம். யாராவது வந்து கேட்டால், "இல்லை" என்று முகத்தை முறிக்காமல், முடிந்தால் டிக்கட் காசைக் கொடுப்போம். முடியாவிட்டால் ஸ்டாஃப் ரூமில் நான்கு பேர் சேர்ந்து கொடுப்போம். கேட்டவரின் தேவை உண்மையானது. அதைத் தீர்க்கும் வழிதான் ஹலாலாக இருக்க வேண்டும். இனி வொரண்ட் காகிதத்தில் வந்தாலும் கைபேசியில் வந்தாலும், பெயரை எழுதப் போவது நாம்தான்.

இரண்டு தடவை கொடுத்தோம் என்று மேலே சொன்னோமே, முதல் தடவை யாரும் பிடிக்கவில்லை. அந்தக் கடன் எங்கள் கழுத்தில் அப்படியே இருந்தது. தவ்பாச் செய்தால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மௌலவி சொன்னார். யாரிடம் கொடுப்பது என்று யோசித்து, ஒரு நாள் ஸ்டேசனுக்குப் போய், அன்று போனவர்களின் எண்ணிக்கைக்கு அதே தூரத்துக்கு, போகவும் வரவும் காசு கொடுத்து டிக்கட் வாங்கினோம். கவுண்டரில் இருந்தவர், "கெதியாப் போங்க, கோச்சி வெளிக்கிடப் போகுது" என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் வைத்து டிக்கட்டுகளைக் கிழித்துப் போட்டோம். கோச்சி எங்களை விட்டுவிட்டுப் போனது. அவ்வளவு நிம்மதியாக நாங்கள் எந்தக் கோச்சியையும் தவறவிட்டதில்லை.

ராத்தா இப்போது சுகமாக இருக்கிறா, அல்ஹம்துலில்லாஹ். இதை எழுதலாமா என்று கேட்டோம். "எழுதுங்க, ஆனா மச்சான ஏசி எழுதாதீங்க" என்றா. ஏசவில்லை. பிழை எங்களுடையது.

இந்த டிசம்பரில் உங்களிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், இதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அல்லாஹ் நம் எல்லோரையும் பொருந்திக்கொள்வானாக.