படம் பெரிதாக இருந்தால் போதுமா?



"படமும் லேஅவுட்டும் நன்றாக இருந்தால்தான் டீச்சர், சினிமாக் கட்டுரையை யாராவது படிப்பார்கள்" என்கிறீர்கள். சரிதான். பேசும் படம், பொம்மை காலத்திலேயே நாங்களும் படத்துக்காகத்தான் முதலில் புரட்டினோம். ஆனால் படம் ஆளை உள்ளே அழைக்க வேண்டும். வாசலை மறித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இப்போது நடப்பது என்ன? கதாநாயகன் முகம் இரண்டு பக்கத்துக்கு. அதன் மேலேயே வெள்ளை எழுத்தில் கட்டுரை. சட்டையும் வெள்ளை என்றால் பாதி வரி காணாமல் போகும். ஒளிப்பதிவு பற்றிய கட்டுரையில் ஒளிப்பதிவாளருக்குத் தபால்தலை அளவு படம், கீழே பெயர்கூட இல்லை. நடிகை பட்ட கஷ்டமெல்லாம் பொடி எழுத்தில். காதல் பற்றிச் சொன்ன ஒரே வரி மட்டும் பெட்டி கட்டி, கொட்டை எழுத்தில். ஊர் பேசுவது அந்த வரியைத்தான்.

பெரிதாகத் தெரிவதே மனதில் நிற்கும். 1977-ல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் போட்ட 62.5 மார்க்கை இன்றும் சொல்கிறார்கள். விமர்சனம் என்ன சொன்னது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. மார்க்கைப் பார்த்ததும் பரீட்சைப் பேப்பரை மடித்து வைக்கும் பிள்ளை, ஓரத்தில் எழுதிய திருத்தத்தைப் படிப்பதில்லை. அதே கதைதான்.

ஆகவே லேஅவுட் செய்பவருக்கும் எழுதியவரின் பொறுப்பு உண்டு. அந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளே, கட்டுரையை முழுதாகப் படித்த பிறகு படத்தைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் இருப்பவர் பெயரைப் போடுங்கள். மற்றவர்கள், பெட்டிச் செய்தியைப் பகிருமுன் பொடி எழுத்தையும் படியுங்கள்.