ஃபார்மட் பண்ணிடலாம் சார்!

போன மாதம் ஆரணிக்குப் போயிருந்தேன். ஆரணி என்றால் ஒன்று அரிசி, இல்லாவிட்டால் பட்டு. எங்கள் வீட்டில் கல்யாணம் என்பதால் பட்டு. புடவை விஷயத்தில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. எனவே கடைக்குள் கரையையும் முந்தியையும் விரித்து வைத்து வாதம் நடந்துகொண்டிருந்த இரண்டரை மணி நேரத்தில் நான் பக்கத்துச் சந்துக்குள் நழுவிவிட்டேன்.

அங்கே ஒரு டிசைன் சென்டர். பெயர்தான் சென்டர், பத்துக்குப் பத்து அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரோரம் மாலை மாலையாகத் தொங்கும் ஜக்கார்டு அட்டைகள். புடவையில் ஓடும் மயிலும் அன்னமும் முதலில் பிறப்பது இந்த மாதிரி அறைகளில்தான். திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைகிறார்கள். ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு ஓர் அட்டை. அட்டையில் எங்கே துளையோ, தறியில் அந்தக் கொக்கி மேலே போகும். பாவு இழை பிரியும். ஜரிகை உள்ளே ஓடும்.

உட்கார்ந்திருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவர் வரைகிற வேகத்தைப் பார்க்கவே சுகமாக இருந்தது. ஆனால் நடுநடுவே ஒரு விசித்திரம். கண்ட்ரோல், ஆல்ட், கூட ஓர் எழுத்து என்று மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவார். அழுத்திவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம்தான் பழைய புட்டாக்கள் இருக்கும் ஃபோல்டர் திறக்கும். கொஞ்ச நேரம் கழித்து வேறு எழுத்து, கால்குலேட்டர். மறுபடி கை மடிக்குப் போகும்.

"என்ன தம்பி, காத்திருக்கீங்க?"

"அது அப்டித்தான் சார். ஆறு மாசமா அப்டித்தான்."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"காட்டினேன். ஃபார்மட் பண்ணிடலாம்னாரு. வாணாம்னுட்டேன்."

"ஏன்?"

சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "போன தடவ ஃபார்மட் பண்ணப்போ ரெண்டு வருஷத்துப் புட்டா போச்சு சார்."

இந்த வாரம் என் கோபம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். 'ஃபார்மட் பண்ணிடலாம் சார்.' நீங்களும் கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் ஃபார்மட். பிரிண்ட் வராவிட்டால் ஃபார்மட். கீபோர்டில் 'ஏ' அடித்தால் விழ நேரமானாலும் ஃபார்மட். ஜலதோஷத்துக்குத் தலையை எடுக்கிற வைத்தியம். தலை போனபிறகு மூக்கு ஒழுகாது, உண்மைதான். ஆனால் எதனால் ஒழுகியது என்று வைத்தியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

அதே சந்தில் இரண்டு வீடு தள்ளிக் குழித்தறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் மிதிகட்டையை அழுத்தினார், தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி 'டக்' என்றது, பாவு பிரிந்தது, நாடா ஓடியது. அழுத்துவதற்கும் பிரிவதற்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. திடீரென்று நிறுத்தினார். நூற்றுக்கணக்கான இழைகளுக்குள் விரலை விட்டு, அறுந்த ஒன்றைப் பிடித்து, முடிபோட்டு, மறுபடி ஓட்டினார். மயிலின் கழுத்தில் ஒரு புள்ளி தப்பாக விழுந்தாலும் இதே கதைதான். எந்த அட்டை என்று பின்னால் போய்ப் பார்ப்பார்கள். இழை அறுந்தது என்பதற்காகப் பாவையே வெட்டி எறிகிற நெசவாளி உண்டா? தறியைக் கொளுத்திவிடலாம் என்று சொல்கிற மெக்கானிக்கை அந்தத் தெருவில் நடக்க விடுவார்களா?

இதில் ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டருக்குத் தறி தூரத்துச் சொந்தம். 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் கொண்டுவந்த துளை அட்டைத் தறியைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டைகளை யோசித்தார். ஆரணியில் தறி ஓட்டுகிறவர்கள் கையில் இருப்பது அந்தத் தாத்தா. தாத்தா சொன்ன பேச்சைக் கேட்கிறார். பேரன் மூன்று செகண்ட் யோசிக்கிறான்.

தம்பியின் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். ஓர் ஐகானுக்கு இப்படி மூன்று விசைக் குறுக்குவழி வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸில் 1990-களிலிருந்தே இருக்கிறது. நீங்கள் அழுத்தியதும் அது நேரே கதவைத் திறப்பதில்லை. 'இந்த விசைக்குச் சொந்தக்காரர் ஏற்கெனவே திறந்து கிடக்கிறாரா?' என்று திரையில் இருக்கிற, மறைந்திருக்கிற ஒவ்வொரு ஜன்னலாக விசாரிக்கிறது. எல்லாரும் 'நான் இல்லை' என்று உடனே சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் மட்டும் பதில் சொல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தால்? சில நொடிகள் அவருக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் உங்கள் வேலைக்கு வரும். பந்தியில் ஒரு கிழவர் தூங்கிவிட்டார் என்பதற்காக நூறு இலைக்கும் சாம்பாரை நிறுத்தி வைக்கிற மாதிரி. இதில் புதிய விண்டோஸ், மினிமைஸ் செய்த சில ஆப்களைத் தானே தூங்கவும் வைக்கிறது. கேட்கவே வேண்டாம்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தச் சொன்னேன். டாஸ்க் மேனேஜர் வந்தது. பிரிண்டரோடு இலவசமாக வந்த ஒரு குட்டி மென்பொருள், 'மை வாங்கலையோ மை' என்று நினைவூட்டுவதற்காக உட்கார்ந்திருந்தது, பதில் சொல்லாமல் தொங்கியது. அதை நிறுத்தினோம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாக எழும் பட்டியலிலிருந்தும் எடுத்தோம். தம்பி மூன்று விசைகளை அழுத்தினார். கை மடிக்குப் போவதற்குள் ஃபோல்டர் திறந்துவிட்டது. மொத்தம் பத்து நிமிஷ வேலை. இதற்கா ஃபார்மட்?

'மூன்று செகண்டுதானே, இதற்கு ஒரு பக்கக் கட்டுரையா?' என்று கேட்கிறீர்கள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை என்று வையுங்கள். பத்து நிமிஷம். வருஷத்துக்கு முந்நூறு நாள் என்றால் ஐம்பது மணி நேரம். எட்டு மணி நேர வேலையில் ஆறு நாள். மாதச் சம்பளக்காரருக்கு அந்த மூன்று செகண்ட் ஒரு கொட்டாவி. டிசைனுக்கு இவ்வளவு, புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அது துட்டு. யாரோ எழுதிய நிரலின் சோம்பேறித்தனத்துக்கு ஆரணிச் சந்தில் ஒருவர் ஆறு நாள் கூலி கட்டுகிறார்.

நேரம் மட்டும் போவதில்லை, நினைப்பும் போகிறது. 1982-ல் ஐபிஎம்மைச் சேர்ந்த டோஹர்ட்டியும் தாதானியும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதுவரை இரண்டு செகண்ட் தாமதம் பரவாயில்லை என்பதுதான் பொதுவான எண்ணம். இல்லை, பதில் ஒரு செகண்டுக்கும் கீழே போகப் போக மனுஷன் செய்யும் வேலை சேமித்த நேரத்தைவிட அதிகமாக ஏறுகிறது என்றார்கள். காத்திருக்கும்போது அடுத்து என்ன செய்ய நினைத்தோம் என்பது மறந்து போகிறதே, அதனால்தான். இது தெரிந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்படியானால் இப்போதைய கம்ப்யூட்டர்கள் பறக்க வேண்டுமே? 2017-ல் டான் லூ என்ற பொறியாளர் பழசும் புதுசுமாகப் பல கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, விசையைத் தட்டியதிலிருந்து திரையில் எழுத்து விழும் வரை எவ்வளவு நேரம் என்று அளந்தார். 1983-ன் ஆப்பிள் 2இ சுமார் 30 மில்லி செகண்டில் முதலிடத்தில் வந்தது. அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமான இந்தக் காலத்து இயந்திரங்களில் பல 100-ஐத் தாண்டின. இயந்திரம் வேகமாவதைவிட மென்பொருள் சீக்கிரமாக மந்தமாகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதிவிட்டார். ஆகவே 'பழைய மெஷின் சார், புதுசு வாங்குங்க' என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். புதுசிலும் அந்தப் பிரிண்டர் ஆசாமி வந்து தூங்கப் போகிறார்.

இன்னும் சில உபத்திரவங்கள். கம்ப்யூட்டரை மாற்றும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கீபோர்டு திடீரென்று செத்துவிட்டதா? தட்டினால் எழுத்து விழாமல், அழுத்திப் பிடித்தால் மட்டும் விழுகிறதா? வலது ஷிஃப்டை எட்டு செகண்ட் பிடித்திருப்பீர்கள். யோசித்துக்கொண்டே விரலை வைத்திருந்தால் எட்டு செகண்ட் ஆகாதா? உடனே ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும். படிக்காமல் என்டரைத் தட்டுவீர்கள். 'ஃபில்டர் கீஸ்' ஓடத் தொடங்கிவிடும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அதையும் அதன் குறுக்குவழியையும் அணையுங்கள். கை நடுங்குகிறவர்களுக்காகச் செய்த நல்ல வசதி அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அதன் ஸ்விட்சை எல்லாரும் நடக்கிற வழியில் வைத்ததைத்தான் சொல்கிறேன். 1981-ல் ஐபிஎம் கம்ப்யூட்டருக்குக் கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் என்ற சேர்க்கையை வைத்த டேவிட் பிராட்லி, தவறிக்கூட யாரும் அழுத்திவிடக் கூடாது என்றுதான் விசைகளைத் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுத்தார். அந்த அக்கறை எங்கே போனது?

தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆங்கிலம் வருகிறதா? அல்லது ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகள் படுத்துவிட்டனவா? தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது, சந்தோஷம். ஆனால் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து பட்டால் மொழி மாறிவிடும். சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை; மூலையில் இரண்டு எழுத்து மாறும், அவ்வளவுதான். ஒரே விசை இப்போது ஒரு அர்த்தம், அப்புறம் ஒரு அர்த்தம் என்றிருப்பதையே வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர் லாரி டெஸ்லர். நாம் தினமும் வெட்டி ஒட்டுகிற கட், காப்பி, பேஸ்ட் அவர் 1970-களில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் கொண்டுவந்ததுதான். கார் நம்பர் பிளேட்டிலேயே இந்த எதிர்ப்பை எழுதி வைத்திருந்தார் மனுஷன். 2020-ல் காலமானார். கீபோர்டின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' என்று ஒன்று இருக்கும். அங்கே ஆல்ட், ஷிஃப்ட் சேர்க்கையை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் கொடுமை. 'கௌரி' என்று ஒரு பெண்மணி. பட்டியலில் பெயர் தேடுகிறார்கள். "சிஸ்டத்துல இல்லம்மா." இருக்கிறது! பதிவு செய்தவர் ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் 'ள' என்ற எழுத்து என்று அடித்திருப்பார். தேடுகிறவர் சரியான ஔகாரத்தில் அடிக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு எழுத்து. அந்தம்மா மூன்று பஸ் மாறி வந்திருப்பார். தன் பெயரே தப்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார். 'ரி' என்று கடைசி எழுத்தை மட்டும் போட்டுத் தேடிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

இதுதான் என்னை உறுத்துகிறது. தப்பு நம் மேல் என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். 'எனக்கு கம்ப்யூட்டர் அவ்ளோவா தெரியாது சார்' என்று கூசிக்கொண்டு சொல்கிறோம். ஆயிரக்கணக்கான இழையில் அறுந்ததைக் கண்டுபிடிக்கிற ஊர்க்காரர், எதிரே இருக்கும் பெட்டி மூன்று செகண்ட் தூங்கினால் 'அது அப்டித்தான்' என்கிறார். எவனோ காட்டிய அலட்சியத்துக்கு இவர் தலைகுனிகிறார். தயாரிக்கிறவர்களுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

ஃபார்மட்டே கூடாது என்று சொல்லவில்லை. வைரஸ் புகுந்து குட்டிச்சுவரானால், வேறு வழியில்லை என்றால், செய்யுங்கள். ஆனால் முதலில் உங்கள் ஃபைல்களை வேறொரு டிஸ்கில் எடுத்து, அது திறக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அதற்கும் முன்னால் வந்திருக்கும் ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதனாலப்பா இப்டி ஆச்சு?" பதில் சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் ஃபார்மட் இல்லாமலேயே சரிசெய்துவிடுவார். சொல்லத் தெரியாதவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கிளம்பும்போது தம்பி கேட்டார்: "அந்த ரெண்டு வருஷத்துப் புட்டாவ எடுக்க முடியுமா சார்?"

முடியாது என்று சொல்லவேண்டி வந்தது. அதன் மேல் எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பழைய புடவை ஒன்றை மேசைமேல் விரித்து, அதிலிருந்த மயிலை ஒவ்வொரு புள்ளியாக எண்ணித் திரும்ப வரைய ஆரம்பித்தார்.